இதயத்தின் கயிறு யார் கையில்? நாடியைத் தொட்டே பார்க்கும் முறை

இரண்டு விரல், வினாடி முள் ஓடும் ஒரு கடிகாரம், சாய்மானம் உள்ள ஒரு நாற்காலி. இவ்வளவு இருந்தால் போதும், மூளை இதயத்தை எப்படி ஆட்டி வைக்கிறது என்பதைக் கையாலேயே தொட்டுப் பார்த்துவிடலாம். ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்கள் அதைக் கொஞ்ச நேரம் கழற்றி வையுங்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் டிரசராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர் மரம் நின்ற காலத்திலும் இருந்தேன், அதை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட பிறகும் இருந்தேன். விடியற்காலை பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நிற்கும். காய்ச்சல் என்று வந்தவர் வாயில் தெர்மாமீட்டர் இருக்கும்போதே மணிக்கட்டு பாதி பதிலைச் சொல்லிவிடும். உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு ஏறத்தாழ 10 கூடும்.

இப்போது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஜனங்கள் எல்லாம் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். சாயங்காலம் ஒட்டுக்கடையில் தே ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், யாராவது ஒரு பையன் கையை நீட்டுகிறான். போன வாரம் ஒருவன் கேட்டது: "அங்கள், சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். 68ங்குது, 74ங்குது, மறுபடி 66ங்குது. வாட்ச் கெட்டுப்போச்சா, நான் கெட்டுப்போயிட்டேனா?"

ரெண்டும் கெடவில்லை தம்பி. அந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால்தான் நான் உன்னை கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்குக்கு) அனுப்பியிருப்பேன்.

இதயத்துக்குத் துடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலது மேலறையில், மேலிருந்து பெரிய சிரை வந்து சேரும் இடத்தில், எஸ்.ஏ. முடிச்சு என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. தானே மின்துடிப்பைக் கிளப்புவது அதுதான். நரம்பு எதுவும் தொடாமல் விட்டால் வாலிப வயதில் நிமிடத்துக்கு 100க்குக் கொஞ்சம் மேலேயே அடிக்கும். வயது ஏற ஏற அந்தச் சொந்த வேகம் மெல்லக் குறையும். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களிடம் இதை நேராகவே பார்க்கலாம். நரம்புகளை அறுத்துத்தான் இதயத்தை எடுக்கிறார்கள், அதனால் அவர்கள் சும்மா படுத்திருந்தாலும் துடிப்பு 90, 100 என்று நிற்கும்.

அப்படியானால் நமக்கு மட்டும் 70 எப்படி வந்தது? பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும்: நல்ல மாடு தானாக நடக்கும், வண்டிக்காரர் கையில் கயிறு எப்போதும் லேசாக இழுபட்டபடியே இருக்கும். வேகமாகப் போக வேண்டுமானால் முதலில் சாட்டையைத் தேட மாட்டார், கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவார். அந்தக் கயிறுதான் வேகஸ் நரம்பு. மூளையின் அடியில் உள்ள முகுளத்திலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி இதயத்துக்கு வருகிறது. சாட்டை என்பது பரிவு நரம்பு. அது முதுகுத்தண்டின் மார்புப் பகுதியிலிருந்து வருகிறது, சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியும் அதற்குக் கூட்டாளி. ஓய்வாக இருக்கும்போது ஆட்சி பெரும்பாலும் கயிற்றுடையது. இதை மனதில் வைத்துக்கொண்டு விரலை எடுங்கள்.

முதலில் எண்ணப் பழகுங்கள்

கோப்பி, சிகரெட், படிக்கட்டு எதுவும் அதற்கு முந்தின அரை மணியில் இருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். பேசாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். இடது உள்ளங்கையை மேலே பார்க்க மடியில் வைத்து, வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில், எலும்புக்கும் நரம்பு மாதிரி தட்டுப்படும் தசைநாணுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம், அதிலேயே துடிப்பு உண்டு, குழப்பும். அழுத்தமாக அமுக்கினால் நாடி மறைந்துவிடும்.

30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு தாறுமாறாகத் தெரிந்தால் 60 வினாடியும் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை என்று புத்தகம் சொல்லும். பந்து விளையாடும் பையன்களுக்கு 50 இருப்பதும் உண்டு.

மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள்

எனக்கு இந்தச் சோதனைமேல் ஒரு தனிப் பிரியம். ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், ஒரு காசு செலவில்லை, ஆனால் நரம்பு வேலை செய்வது விரலுக்கடியில் அப்படியே தெரியும்.

விரலை நாடியில் வைத்தபடியே ஐந்து வினாடி மூச்சை உள்ளே இழுங்கள், ஐந்து வினாடி வெளியே விடுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு. முதல் இரண்டு மூச்சில் ஒன்றும் பிடிபடாது, எண்ணிக்கையை விட்டுவிட்டு இரண்டு துடிப்புக்கு நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் கவனியுங்கள். மூச்சு உள்ளே போகும்போது துடிப்புகள் நெருங்கி நெருங்கி வரும்: டப் டப் டப். வெளியே விடும்போது இழுத்துக்கொண்டு போகும்: டப்... டப்... டப். மூச்சு முடியும் இடத்தில் வரும் அந்தக் கடைசித் துடிப்பு, வருமா வராதா என்று யோசிக்க வைக்கும் அளவுக்குத் தாமதமாக வரும், அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு. பத்து வயதுப் பேரனின் கையைப் பிடித்துப் பாருங்கள், உங்களுடையதைவிட நன்றாகத் தெரியும்.

நடப்பது இதுதான். மூச்சை இழுக்கும்போது முகுளம் கயிற்றைத் தளர்த்துகிறது, விடும்போது மறுபடி இழுத்துப் பிடிக்கிறது. வேகஸ் ஒரே துடிப்புக்குள் வேலையைக் காட்டிவிடும். பரிவு நரம்பு அப்படியல்ல, அதன் பலன் தெரியவே சில வினாடி ஆகும், போகவும் நேரம் எடுக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஈடுகொடுக்க வேகஸால்தான் முடியும். அந்தத் தம்பியின் வாட்ச் காட்டிய 68, 74, 66 இதுதான். துடிப்பு கடிகாரம் மாதிரி ஒரே சீராக இருப்பதுதான் ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மை நேர் எதிர்.

பெரிய மருத்துவமனையில் இதே ஆறு மூச்சை ஈ.சி.ஜி. போட்டுச் செய்வார்கள். அதிகபட்சத் துடிப்புக்கும் குறைந்தபட்சத் துடிப்புக்கும் வித்தியாசம் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது, 10க்கு உள்ளே சுருங்கிவிட்டால் நரம்பில் கோளாறு என்பது பழைய அளவுகோல். வயதானால் வித்தியாசம் இயல்பாகவே குறையும் என்பதால் எழுபது வயதுப் பாட்டியைப் பேரனோடு ஒப்பிட்டுப் பயமுறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது வேகஸ். மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், இரண்டு வேகமாக, ஒன்று தள்ளி, மூன்று நெருங்கி, எந்த ஒழுங்கும் பிடிபடாமல் ஓடினால் அது மேலறை நடுக்கமாக, அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறாக இருக்கலாம். அதற்கு ஈ.சி.ஜி. தேவை, அன்றைக்கே போங்கள்.

படுத்து எழுந்து பாருங்கள்

ஐந்து நிமிடம் படுத்திருங்கள், நாடியை எண்ணுங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள், விரலை எடுக்காதீர்கள். பக்கத்தில் சுவரோ ஆளோ இருக்கட்டும்.

நின்றவுடன் அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்தில், தாடைக்குக் கீழே கரோடிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும், ரத்தக்குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்ததை அவை முகுளத்துக்குச் சொல்கின்றன, முகுளம் கயிற்றை விடுகிறது. துடிப்பு சட்டென்று ஏறும். ஏறத்தாழ 15ஆவது துடிப்பில் உச்சம் தொட்டு, 30ஆவது துடிப்புக்குள் கொஞ்சம் நிதானமாகும். அதற்குள் பரிவு நரம்பு ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தூக்கிவிட்டிருக்கும். நின்ற பிறகு படுத்திருந்ததைவிட 10 முதல் 20 வரை கூடி நிற்பது சாதாரணம்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் படுத்திருக்கும்போதும், நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் குறித்து வையுங்கள். அழுத்தம் இறங்கியும் நாடி ஏறவே இல்லை என்றால் சந்தேகம் நரம்பின்மேல். அழுத்தம் இறங்கி நாடியும் விறுவிறு என்று ஏறினால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை, இல்லாவிட்டால் பிரஷர் மாத்திரை கூடிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கழுத்தில் அந்த இடத்தை அமுக்கினால் துடிப்பு இறங்கும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்க்காதீர்கள். டாக்டர்கள் ஈ.சி.ஜி. ஓட விட்டு, ஒரு பக்கம் மட்டும் செய்கிற வேலை அது. வயதானவர் தமனியில் படிந்திருக்கும் கொழுப்புத் துண்டு பெயர்ந்து மூளைக்குப் போகலாம். முடிவெட்டும் கடையில் கழுத்தைப் பிடித்துச் சொடக்கு எடுப்பதும் எனக்கு எப்போதும் பிடிக்காது. தலைக்கு எண்ணெய் தேய்த்துத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐஸ் துணியும் படிக்கட்டும்

இதய நோய் இல்லாதவர்கள் மட்டும்: ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை நெற்றி, கண், மூக்குத்தண்டு மூடும்படி வைத்து 15 வினாடி மூச்சை அடக்குங்கள். இன்னொருவர் நாடி பார்க்கட்டும். துடிப்பு தளர்வது தெரியும். முகத்து நரம்பு தண்ணீருக்குள் மூழ்கிவிட்டோம் என்று முகுளத்துக்குச் சொல்ல, அது கயிற்றை இறுக்குகிறது. நீர்நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள அதே ஏற்பாடு.

படிக்கட்டுக்கு பத்துமலை 272 படி வரை போக வேண்டாம், தாமான் கடைவீட்டு மாடிப்படி போதும். ஏறத் தொடங்கிய முதல் சில துடிப்பிலேயே நாடி குதிக்கும், அது கயிறு தளர்ந்தது. 100ஐத் தாண்டி மேலே போவது சாட்டையின் வேலை. அதைவிட முக்கியம் இறங்குவது. நின்றவுடன் எண்ணுங்கள், ஒரு நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வில், நடைப்பட்டியில் (டிரெட்மில்) ஓடி முடித்தவர்களில் முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாகவே துடிப்பு இறங்கியவர்களுக்கு, அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. மாடிப்படி ஆய்வுக்கூடம் அல்ல, ஆனாலும் மாதக்கணக்கில் நடைப்பயிற்சி செய்பவர் தன் எண் மெல்ல நல்லபடியாக மாறுவதைப் பார்க்கலாம்.

பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் பாதையில் பாம்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: பாம்பு போன பிறகுதான் டிரசரே, நெஞ்சு ரொம்ப அடிச்சுது. சரிதான். பார்த்த நொடியில் வேகஸ் விட்டுவிடுகிறது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து சுற்றி வந்து, கரைந்து போகச் சில நிமிடம் ஆகும், அதுவரை அடிக்கத்தான் செய்யும்.

மருந்தடிக்கும் வேலையில் கயிறு சிக்கிக்கொண்டால்

வேகஸ் இதயத்தை எப்படித் தொடுகிறது? 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துச் சோதித்தார். முதல் இதயத்தின் வேகஸை மின்சாரத்தால் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அது மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் தளர்ந்தது. நரம்பு ஒரு ரசாயனத்தைக் கசிய விடுகிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது. அசிட்டைல்கோலின் அது. 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கசிந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. என் காலத்தில் செம்பனையில் ஓலை தின்னும் கூட்டுப்புழு (பேக்வர்ம்) விழுந்தால் மரத்தண்டில் துளை போட்டு முதல் இரண்டில் ஒன்றை ஊற்றுவார்கள். கை உறை இல்லாமல் கலக்கிய ஒருவருக்கு வியர்வை கொட்டும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், வயிற்றைப் பிரட்டும், கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். நாடி தளர்ந்து 50க்குக் கீழேகூடப் போகலாம். பயத்தாலும் மூச்சுத் திணறலாலும் சிலருக்கு வேகமாகவும் ஓடும், அதனால் நாடியை மட்டும் நம்பி இது விஷம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

செய்ய வேண்டியது: உங்கள் கையில் உறை மாட்டிக்கொண்டு அவர் உடுப்பைக் கழற்றுங்கள், சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள், மருந்துக் கலனின் லேபிளைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாலும் கொடுக்காதீர்கள், வாந்தியும் எடுக்க வைக்காதீர்கள். அங்கே அட்ரோப்பின் போடுவார்கள். அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்தை அது மறைத்துக்கொள்ள, கயிறு தளரும், நாடி ஏறும், மார்புச் சளி வற்றும்.

கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் வெயிலில் நின்று நின்று விழுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கால்களில் ரத்தம் தேங்கத் தேங்க நாடி முதலில் ஏறும். ஒரு கட்டத்தில் எல்லாம் தலைகீழாகி வேகஸ் முழுப் பலத்தோடு இழுத்துவிடும், ரத்தக்குழாய்களும் அந்த நேரம் பார்த்துத் தளர்ந்துவிடும். முகம் வெளுத்து, சில்லென்று வியர்த்து, நாடி 40க்குப் போய் ஆள் சரிவார். ரத்தத்தைப் பார்த்து விழுவதும், ஊசியைப் பார்த்து விழுவதும் இதே கதை. விழுந்தவரை நாலு பேர் தூக்கி உட்கார வைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் நம் ஊர் வழக்கம், அதுதான் தப்பு. படுக்க வையுங்கள், காலைத் தூக்கிப் பிடியுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் நாடி திரும்பும். திரும்பாவிட்டாலோ, நெஞ்சு வலித்து விழுந்தாலோ, ஓடும்போது விழுந்தாலோ 999 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

கண் இருட்டுகிறது என்று தெரியும்போதே காலைக் குறுக்கே போட்டுத் தொடையை இறுக்கி, இரண்டு கையையும் கோத்து இழுத்தால் பலர் விழாமல் தப்பிக்கிறார்கள். ராத்திரி எழுந்து போய் நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது மயங்கும் தாத்தாக்கள் உட்கார்ந்து கழிக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிப்புநீர்க்காரர்களுக்குத் தனியாக

2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வளர்ந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருந்தது. எங்கள் தாமானில் எந்த வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாலும் இன்சுலின் பேனா இருக்கும். சர்க்கரை நீளமான நரம்புகளை முதலில் அரிக்கும். பாதம் மரத்துப்போவது எல்லாருக்கும் தெரியும். வேகஸும் நீளமான நரம்புதான் என்பதை யாரும் நினைப்பதில்லை.

பழைய மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) ஒருவர் எப்போது பார்த்தாலும் நாடி 96. மூச்சை இழுத்தாலும் 96, விட்டாலும் 96. அவருக்கு மாரடைப்பு வந்தபோது நெஞ்சு வலிக்கவே இல்லை, காலையிலிருந்து அசதி, வியர்வை, அவ்வளவுதான். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பும் சேர்ந்து போயிருந்தது. பத்து ஆண்டுக்கு மேல் இனிப்புநீர் உள்ளவர்கள் அந்த ஆறு மூச்சுச் சோதனையைச் செய்து பாருங்கள். துடிப்பு அசையவே இல்லை என்று தோன்றினால் அடுத்த முறை டாக்டரிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரியாத வியர்வையும் மூச்சிரைப்பும் வந்தால், வலி இல்லையே என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள்.

அட்டெனலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், ப்ரோப்ரனலோல் சாப்பிடுபவர்களுக்கு மேலே சொன்ன படிக்கட்டு எண்ணிக்கை பொருந்தாது. இவை சாட்டை இதயத்தில் படாமல் தடுக்கும் மருந்துகள். நாடி 55 காட்டுகிறதே என்று பயந்து சட்டென்று நிறுத்தினால், அடக்கி வைத்த துடிப்பு ஒரேயடியாகக் கிளம்பி மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோகும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலோல் சொட்டு மருந்தும் இதே ஜாதிதான். கண்ணில் விட்டது நாடியைக் குறைக்கும் என்று யாருக்கும் தோன்றாது, டாக்டரிடம் மாத்திரைக் கணக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வில் நாடி தொடர்ந்து 100க்கு மேல், அல்லது 50க்குக் கீழே போய்த் தலைசுற்றல், அல்லது ஒழுங்கே இல்லாத துடிப்பு: இந்த மூன்றில் எது இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது ஒரு சீட்டில் படுத்திருந்த எண், நின்ற ஒரு நிமிட எண், மூன்று நிமிட எண், மாத்திரை சாப்பிட்ட நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்த உடனே மெஷினில் கையை நீட்டாதீர்கள். நம்பர் கூப்பிட எப்படியும் நேரமாகும், அதுவரை சாய்ந்து உட்காருங்கள்.